வேலியில் காய்க்கும் ரைபெர்ரி: சாப்பிடலாமா, சமைக்கலாமா, மருந்தா?

வாடகைவீட்டுக்காரன் (பிரிஸ்பேன்)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க இருக்கிற வாடகை வீட்டுல எல்லை முழுக்க ஒரு வேலிச்செடி. ரொம்ப நாளா வெட்டாம விட்டதால இப்போ ரெண்டாள் உயரத்துக்கு மரமாவே நிக்குது. கொழுந்து விட்டா இளஞ்சிவப்பா இருக்கும். கிறிஸ்துமஸ் முடிஞ்சதிலேர்ந்து சின்னச் சின்ன சிவப்புப் பழம், பேரிக்காய் வடிவத்துல, கொத்துக் கொத்தாத் தொங்குது. கார் நிறுத்துற இடமெல்லாம் கொட்டிக் கெடக்கு. வீட்டு ஏஜெண்ட் கேட்டதுக்கு "ரைபெர்ரி, லில்லி பில்லியில ஒரு வகை"ன்னு சொன்னார்.

ஊர்லேர்ந்து வந்திருக்கிற அம்மா ஒண்ணைக் கடிச்சுப் பாத்துட்டு, "இது நாவப்பழத்துக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சிடா, கிராம்பு வாசனை வேற அடிக்குது"ன்னாங்க. இன்னொரு பக்கம் வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது. மழைக்காட்டு அதிசயப் பழமாம், புளூபெர்ரியைவிடப் பல மடங்கு சத்தாம், சுகர், கேன்சர், ரத்தசோகை எல்லாம் ஓடியே போயிடுமாம். அப்பாவுக்கு சுகர் இருக்கு, அதனால அம்மா இதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

சாப்பிட்டா ஒண்ணும் ஆகாதா? உண்மையிலேயே சத்து உண்டா? இவ்வளவையும் என்ன பண்றது? ஒரு வாளி நிறைய இருக்கு.

இலைநரம்பு (லிஸ்மோர் பக்கம்)

உங்க அம்மாவுக்கு ஒரு கும்பிடு. நாவல், கிராம்பு, பன்னீர் ஜம்பு, உங்க வீட்டு வேலி எல்லாமே சிசிஜியம் என்ற ஒரே பேரினம்தான். நீங்க சொல்ற அடையாளங்கள் சிசிஜியம் லூமானியைக்குப் பொருந்துது. சின்ன இலை லில்லி பில்லின்னும் சொல்வாங்க. நியூ சவுத் வேல்ஸில் கெம்ப்ஸி பக்கத்திலிருந்து வட குயின்ஸ்லாந்து வரைக்கும் கடலோர மழைக்காடுகளில் இயற்கையா வளர்வது. காட்டுக்குள்ளே 30 மீட்டர் வரை போகும். தோட்டத்தில் பெரும்பாலும் 10 மீட்டருக்குள் நின்னுடும். பூ நவம்பர், டிசம்பரில். பழம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை.

2022இல் இந்தப் பேரினத்தைப் பற்றி ஒரு பெரிய மரபணு ஆய்வு வந்தது. உலகத்திலேயே அதிக மர இனங்கள் கொண்ட பேரினம் இதுதான், ஆயிரத்துக்கும் மேல. தோன்றிய இடம் ஆஸ்திரேலியா, நியூ கினி நிலப்பரப்பு. அங்கிருந்துதான் மேற்கே ஆசியா பக்கம் பரவியிருக்கு. அதாவது நாவலோட முன்னோர்கள் இந்தப் பக்கத்திலிருந்து நம்ம ஊருக்குப் போனவங்க. நாம எதிர்த்திசையில விமானம் ஏறி வந்திருக்கோம்.

இனி உங்க முதல் கேள்வி. ரைபெர்ரி தின்னக்கூடிய பழம்தான். இந்தக் கரையோரப் பழங்குடி மக்கள் வெள்ளையர் வருவதற்கு முன்னாலிருந்தே தின்னு வர்றது. ஆனா ரெண்டு விஷயம் பாத்துக்கோங்க.

ஒண்ணு, செடி அதுதானான்னு உறுதி பண்ணிக்கணும். இங்கே வேலிக்கு டுராண்டாவும் நிறைய வைக்கிறாங்க. அதோட பழம் ஆரஞ்சு கலந்த மஞ்சள், நச்சு. பிரிவெட்டுன்னு இன்னொண்ணு வேலியிலிருந்து தப்பிக் களையாகவே திரியுது, கருநீலப் பழம், அதுவும் ஆகாது. லில்லி பில்லி வகைப் பழத்தோட நுனியில தொப்புள் மாதிரி ஒரு குழி இருக்கும், பூவோட புல்லி வட்டத்தின் மிச்சம். இலையை வெயிலுக்கு நேரே பிடிச்சா நுண்ணிய எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும்.

ரெண்டாவது இதைவிட முக்கியம். வேலிக்குன்னு வளர்க்கிற லில்லி பில்லிக்கு, இலையில கொப்புளம் போடுற சில்லிட் பூச்சிக்காக இமிடாகுளோப்ரிட் போடுவாங்க. அது வேர் வழியா உறிஞ்சி செடி முழுக்கப் போகிற மருந்து. பழத்தைக் கழுவினா போகாது. உங்க இனத்துக்கு அந்தப் பூச்சித் தொல்லை குறைவு, அதனால போடாம இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் ஏஜெண்டிடம் ஒரு மின்னஞ்சல் போட்டு, இந்த வேலிக்கு எப்பவாவது மருந்து போட்டாங்களான்னு கேட்டுட்டுச் சமைங்க.

ஆச்சிசமையல் (சிட்னி)

தம்பி, ஒரு வாளி பழத்தை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது எண்டு கேக்கிறீர்கள்! இஞ்ச நாங்கள் சின்ன டப்பாவில காசு குடுத்து வாங்கிறம்.

முதல் வேலை, நிலத்தில விழுந்து மிதிபட்டதை விடுங்கோ. மரத்துக்குக் கீழ பழைய பெட்ஷீற் ஒண்டை விரிச்சுக் கொப்பை மெதுவா ஆட்டினால் பழுத்தது மட்டும் விழும். வௌவால் கடிச்சது, குருவி கொத்தினது எல்லாத்தையும் எறியுங்கோ, ஆசைப்படாதேங்கோ. கழுவிக் காம்பு நீக்கி, துணியில ஈரம் ஒற்றி எடுத்து, தட்டில பரப்பி உறைய வைச்சுப் பிறகு பையில போடுங்கோ. அப்பிடிச் செய்தால் கட்டியா ஒட்டாது, வேணுமெண்ட அளவுக்கு அள்ளலாம். உறைஞ்ச பழம் சமையலுக்கு இன்னும் வசதி, தோல் சுலபமா வெடிச்சுச் சாறு விடும்.

பச்சையாச் சாப்பிட்டால் சிலருக்குப் பிடிக்காது. புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, பின்னால ஒரு கராம்பு வாசம். இதை மேசையில வைச்சுச் சாப்பிடுற பழம் எண்டு நினைக்காதேங்கோ. புளிக்கும் வாசனைச் சரக்குக்கும் நடுவில இருக்கிற சாமான் எண்டு நினைச்சால் என்ன செய்யலாம் எண்டு உங்களுக்கே தோன்றும்.

நான் முதல் செய்யிறது சர்பத். பழமும் சீனியும் சம நிறை. கண்ணாடிப் போத்தலில அடுக்கடுக்காப் போட்டுக் குளிர்ப்பெட்டியில ஒரு இரவு வைச்சால் சீனி பழச்சாற்றை இழுத்து வெளியில விடும். பிறகு மெல்லிய நெருப்பில கொதி வரும்வரை மட்டும் சூடாக்கி வடிச்சு, கொஞ்சம் தேசிக்காய்ப்புளி. நிறம் கண்ணைப் பறிக்கும். வடிச்ச சக்கையை எறியாமல் சட்னிக்குப் போடலாம்.

நாட்டுமருந்து

நல்ல இழை. நாவல் குடும்பம்னு இலைநரம்பு சாரே சொல்லிட்டார். நாவல் கொட்டையைக் காயவைத்துப் பொடி செய்து நீரிழிவுக்குக் கொடுப்பது நம் மரபில் காலங்காலமாக உள்ளது. அதே குடும்பம் என்றால் அதே குணம் இருக்கத்தானே செய்யும்? பழத்தைச் சமைத்துவிட்டுக் கொட்டையைக் குப்பையில் போடாதீர்கள். நிழலில் உலர்த்திப் பொடி செய்து காலையில் வெறும் வயிற்றில் அப்பாவுக்கு அரை ஸ்பூன் கொடுத்துப் பாருங்கள்.

மருந்துச்சீட்டு (மெல்பர்ன்)

தயவுசெய்து கொடுக்காதீர்கள். மருந்தகத்தில் வேலை செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஒரே பேரினம் என்பதால் ஒரே குணம் வராது. தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு எல்லாம் சொலானம் என்ற ஒரே பேரினம்தான். அதில்தான் மணத்தக்காளியும் இருக்கிறது, தின்றால் ஆபத்தான காய்களும் இருக்கின்றன. ரைபெர்ரிக் கொட்டையை யாரும் மருந்தாகக் கொடுத்து அளவு, பாதுகாப்பு எதையும் பார்த்ததாக நான் எங்கும் படித்ததில்லை. நாவல் கொட்டைக்கே மனிதரிடம் செய்த சோதனைகளின் முடிவுகள் உறுதியாக இல்லை. அப்பா கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர் என்றால், அதோடு சர்க்கரையைக் குறைக்கும் என்று நம்பி இன்னொன்றைச் சேர்ப்பது எதற்கு? அது வேலை செய்யாவிட்டால் வீண். வேலை செய்துவிட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். எப்படிப் பார்த்தாலும் நமக்கு லாபம் இல்லை.

இனி அந்த வாட்ஸ்அப் செய்தி. அதன் விதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆஸ்திரேலிய அரசின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவின் ஆய்வாளர்கள் 2007இல் ஆஸ்திரேலியாவின் 12 நாட்டுப் பழங்களை எடுத்து ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளந்தார்கள். ரைபெர்ரியும் அதில் ஒன்று. ஒப்பிட எடுத்துக்கொண்டது புளூபெர்ரி. நல்ல, ஒழுங்கான ஆய்வுதான். ஆனால் அது சோதனைக் குழாயில் நடந்தது. பழச்சாறு குழாய்க்குள் என்ன செய்கிறது என்பதற்கும், நாம் விழுங்கி, செரித்து, ஈரல் வழியாகப் போன பிறகு மிஞ்சுவது உடம்பில் என்ன செய்கிறது என்பதற்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. சிவப்பு நிறம் தரும் அந்தோசயனினில் மிகச் சிறிய பங்குதான் அப்படியே ரத்தத்தில் சேர்கிறது. இந்த மாதிரி எண்களை வைத்து விளம்பரம் செய்வது எல்லை மீறியதால்தான் அமெரிக்க வேளாண் துறை 2012இல் தன் ஆன்டிஆக்சிடன்ட் பட்டியலையே இணையத்திலிருந்து எடுத்துவிட்டது.

அப்படியானால் சத்தே இல்லையா? இருக்கிறது. 2009இல் வந்த இன்னொரு அறிக்கை நாட்டு உணவுகளின் ஊட்டச்சத்தை அலசியது. ரைபெர்ரியில் ஃபோலேட் (பி வைட்டமின்களில் ஒன்று) நன்றாக இருக்கிறது என்பது அதில் கவனிக்கத்தக்க விஷயம். கூடவே நார்ச்சத்து, தாது உப்புகள், அந்தோசயனின். நிறமுள்ள பழங்களை அடிக்கடி சாப்பிடுவது நல்லது என்று சொல்கிறோமே, அந்த வரிசையில் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. அதற்கு மேல் நான் போகமாட்டேன்.

வாடகைவீட்டுக்காரன்

ரொம்ப நன்றிங்க. கொட்டைப் பொடி திட்டத்தை அம்மாகிட்ட பேசி நிறுத்திட்டேன், முகம்தான் கொஞ்சம் வாடிப்போச்சு. ஃபோலேட்னு சொன்னீங்க. என் மனைவி இப்போ ரெண்டாவது மாசம். அவங்களுக்கு இது உதவுமா?

மருந்துச்சீட்டு

வாழ்த்துகள்! பழமாகச் சாப்பிடலாம், ஆனால் ஃபோலிக் அமில (மாத்திரையில் வரும் ஃபோலேட்) மாத்திரைக்கு மாற்றாக வேண்டாம். இங்கே சொல்லப்படும் அளவு, கருத்தரிக்கும் முன் ஒரு மாதத்திலிருந்து முதல் மூன்று மாதம் வரை தினம் குறைந்தது 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். சிலருக்கு மருத்துவர் இன்னும் கூடுதலாக எழுதுவார். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கரு உண்டான முதல் நாலு வாரத்திலேயே மூடிவிடுகிறது, பல பேருக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே. அதனால்தான் 2009 செப்டம்பரிலிருந்து ஆஸ்திரேலியாவில் ரொட்டிக்கான கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள்.

பழத்தில் உள்ள ஃபோலேட் சூட்டுக்கும் நீருக்கும் தாங்காது. ஜாம் காய்ச்சும்போது கணிசமாக அழியும். ஒரு கை பழத்தைத் தயிரில் போட்டுச் சாப்பிட்டால் கொஞ்சம் கிடைக்கும். அவர் எடுக்கும் மாத்திரையைத் தொடரட்டும்.

அப்பாவுக்கும் ஒரு வார்த்தை. பழம் நாலைந்து சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் "சுகருக்கு நல்ல பழம்" என்று பேர் சொல்லி, பாதிக்குப் பாதி சீனி போட்ட ஜாமையும் சர்பத்தையும் அவர் முன்னால் வைத்துவிடாதீர்கள். இந்தக் கூத்தை நான் வேறு பழங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நாட்டுமருந்து

எல்லாவற்றுக்கும் ஆய்வு கேட்டால் நம் பாட்டிமார் அறிவு எதுவும் மிஞ்சாது.

இலைநரம்பு

நம்ம பாட்டிமாருக்கு இந்த மரம் தெரியாதே அண்ணா! அவங்க அறிவு நாவலுக்கு. இந்த மரத்தை அறிஞ்ச பாட்டிமார் இங்கே பண்ட்ஜலங் போன்ற பழங்குடி மக்களிடையே இருக்காங்க. மரபறிவை மதிக்கிறதுன்னா அவங்க இதை எப்படிப் பயன்படுத்தினாங்கன்னு கேக்கணும், நம்ம ஊர்ப் பக்குவத்தைத் தூக்கி இதன் மேல ஒட்டக்கூடாது. இந்த நாட்டுப் பழ வியாபாரத்தில் அவங்களுக்குச் சேர வேண்டிய பங்கு பெரும்பாலும் போய்ச் சேரறதில்லைங்கறது தனிக் கதை. வாங்குறவங்க பழங்குடியினர் நடத்துற நிறுவனமான்னு பாத்து வாங்குங்க.

நடத்துநர்

விவாதம் நன்றாகப் போகிறது. மருத்துவ அறிவுரைக்கு உங்கள் மருத்துவரிடம் போங்கள், சமையலுக்கு இங்கேயே இருங்கள்.

கிரில்ராஜா (கோல்ட் கோஸ்ட்)

அப்பாடா, சாப்பாட்டுக்கு வந்தாச்சு. இந்தப் பழத்தை இங்கத்த ஓட்டல்காரங்க கறியோட பரிமாறுவாங்க, அதுவும் கங்காருக் கறியோட. காரணம் இருக்கு. கங்காரு இறைச்சியில கொழுப்பு ரொம்பக் கம்மி, சுமார் 2 சதவீதம். கூடவே ஒரு காட்டு வாசம். அதுக்குப் புளிப்பும் வாசனையும் சேர்ந்த ஒரு சாஸ் தேவை.

என் பக்குவம்: கறியை வறுத்து எடுத்து ஓரமா வைங்க. அதே சட்டியில பொடியா நறுக்கின சின்ன வெங்காயம், ரெண்டு கை ரைபெர்ரி, ஒரு ஸ்பூன் வினிகர், கொஞ்சம் வெல்லம், நுணுக்கின மிளகு. பழம் வெடிச்சுச் சாறு விட்டதும் கறிலேர்ந்து வடிஞ்ச சாற்றையும் ஊத்திச் சுண்டவிடுங்க. கடைசியில ஒரு துண்டு வெண்ணெய். கங்காரு வேண்டாம்னா ஆட்டுக்கறி, வாத்து ரெண்டுக்கும் பிரமாதம். கோழிக்கு அவ்வளவா எடுபடாது, பழம் கோழியை அமுக்கிடும்.

கரம் மசாலாவைத் தொடாதீங்க. பழத்துலயே கிராம்பு வாசம் இருக்கு, மேல கிராம்பும் பட்டையும் போட்டா பல்வலி மருந்து மாதிரி ஆயிடும்.

ஆச்சிசமையல்

கிரில்ராஜா சொன்னது முழுக்க உண்மை. சட்னிக்கும் நான் கராம்பு போடுறதில்லை.

இப்ப தொக்கு. தம்பியின்ர அம்மாவுக்கு இது வேலை குடுக்கும், கொட்டைப் பொடியையும் மறந்துபோவா. அரைக் கிலோ பழத்தைக் கொஞ்சத் தண்ணி விட்டு வேகவைச்சு, மர அகப்பையால மசிச்சுப் பெரிய கண் சல்லடையில தேயுங்கோ. கொட்டை மேல நிண்டுடும். சில மரத்தில கொட்டையே இருக்காது, அப்ப இந்த வேலை மிச்சம். நல்லெண்ணெயில கடுகு, பெருங்காயம், வறுத்துப் பொடிச்ச வெந்தயம், மிளகாய்த்தூள், உப்பு. பிறகு பழக்கூழ். எண்ணெய் பிரிஞ்சு வரும்வரை கிளறி, இறக்கேக்க வெல்லம். பழப்புளி சேர்க்கக்கூடாது, பழத்தின்ர புளிப்பே போதும். கடையில வாங்கின ஊறுகாய் மாதிரி வெளியில வைச்சு மாதக்கணக்கில பாவிக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, குளிர்ப்பெட்டியில வைச்சுக் கெதியா முடியுங்கோ.

ஜாம் செய்யிற ஆக்களுக்கு ஒண்டு. இது தானாக இறுகும் எண்டு நம்ப ஏலாது. பச்சை அப்பிள் ஒண்டைத் தோலோட நறுக்கித் துணியில கட்டிப் போட்டுக் கொதிக்கவிடுங்கோ, கடைசியில தேசிக்காய்ப்புளி. வெப்பமானி இருந்தால் 104, 105 பாகைக்கு வரேக்க இறக்கலாம். இல்லாட்டில் குளிர்ந்த கோப்பையில ஒரு சொட்டு விட்டு விரலால தள்ளிப் பாருங்கோ, சுருங்கினால் சரி.

மாவுக்கை

நான் ரைபெர்ரி போட்டு கேக் செய்தேன், பழத்தைச் சுற்றி நீலமும் சாம்பலுமாக ஒரு வளையம். பிள்ளைகள் பூஞ்சணம் என்று சொல்லித் தொடவில்லை. ஏன் இப்படி?

மருந்துச்சீட்டு

சமையல் சோடா அதிகம் போட்டிருப்பீர்கள். அந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், சோடா போன்ற காரப்பொருளில் நீலம் பாயும். கெட்டுப்போகவில்லை, பயமில்லாமல் சாப்பிடலாம். அடுத்த தடவை சோடாவை விட்டு பேக்கிங் பவுடர் போடுங்கள், பாலுக்குப் பதில் மோர் ஊற்றுங்கள். பழத்தை உறைந்தபடியே கடைசியில் சேர்த்தால் சாறு மாவில் பரவாது.

இலைநரம்பு

கேக்கிலிருந்து கொஞ்சம் வரலாற்றுக்கு. 1770 மே மாதம், கேப்டன் குக்கோட கப்பலில் வந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸ் சிட்னி பக்கத்துப் பாட்டனி பேயில் இருந்தபோது செர்ரி மாதிரி ஒரு பழத்தை அவங்க ஆட்கள் நிறையத் தின்னதையும் கப்பலுக்குக் கொண்டுவந்ததையும் எழுதி வைச்சிருக்கார். லேசான புளிப்பைத் தவிரச் சொல்லிக்க ஒண்ணுமில்லைன்னு ஒரு அலுப்பு வேற. அது ரைபெர்ரி இல்லை, சிட்னி பக்கத்து மெஜெந்தா லில்லி பில்லின்னு கருதுறாங்க. அந்த இனம் இன்னைக்குக் காட்டில் அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் இருக்கு. வேலிகளில் ஆயிரக்கணக்கில் நிக்குது, சொந்தக் காட்டில் கொஞ்சம்தான். பேங்க்ஸிடம் ஒரு ஆச்சி இருந்திருந்தா அந்தக் குறிப்பு வேற மாதிரி இருந்திருக்கும்.

அதையொட்டி: தேசியப் பூங்காவுக்குள்ளே பழம் பறிக்காதீங்க, சட்டப்படி குற்றம். தெருவோர மரம்னா கவுன்சிலிடம் கேளுங்க.

கிரில்ராஜா

சும்மா இல்லாம ஒருநாள் ரசத்துலயும் போட்டுப் பாத்தேன். புளிக்குப் பதிலா இடிச்ச ரைபெர்ரி, மிளகு, சீரகம், பூண்டு. கொதிக்க விடாம நுரை கட்டினதும் இறக்கினா நல்லாருக்கு. கொதிச்சா துவர்ப்பு ஏறுது. நிறம் மட்டும் பீட்ரூட் ரசம் மாதிரி இருக்கும், விருந்தாளிகளுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

வாடகைவீட்டுக்காரன்

ஏஜெண்ட் பதில் போட்டுட்டார். வேலிக்கு மருந்தே போட்டதில்லையாம், பழம் எடுத்துக்கச் சொல்லிட்டார். அம்மா தொக்கு கிளறிட்டாங்க, தயிர்சாதத்துக்கு அபாரம். அப்பா ஒரு ஸ்பூனோட நிறுத்திக்கிட்டார். சட்டியை அப்புறம் மனைவி எடுத்துக்கிட்டாங்க.

மாவுக்கை

நான் இருப்பது மெல்பர்னில். பழம் வாங்கி மாளவில்லை. இங்கே ஒரு மரம் வைத்தால் காய்க்குமா?

இலைநரம்பு

வளரும். லேசான உறைபனியைத் தாங்கும், ஆனா கன்றா இருக்கும்போது ரெண்டு குளிர்காலம் துணி போட்டு மூடிக் காப்பாத்தணும். வடக்குப் பார்த்த சுவரோரம் இடம் கிடைச்சா நல்லது. விதைன்னா பழத்திலிருந்து எடுத்த கையோட விதைக்கணும், காய விட்டா முளைக்கிறது சிரமம். கொட்டையில்லாத வகை வேணும்னா பதியன் கன்றாத்தான் வாங்கணும். முக்கியமா, வேலி மாதிரி மாசா மாசம் கத்தரிச்சுக்கிட்டே இருந்தா மொட்டெல்லாம் போயிடும், பழமே வராது. பழம் முடிஞ்சதும் வருஷத்துக்கு ஒருதடவை வெட்டினா போதும்.

மாவுக்கை

தொட்டியில்?

இலைநரம்பு

பெரிய தொட்டின்னா சரி. தண்ணி மட்டும் விடாம ஊத்துங்க, மழைக்காட்டு மரம்.